'நம்ம', 'எங்க': ஓர் உரிமத்தின் கதை

1

தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொண்டு பேசுவது முதலாவது. கேட்பவரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவது இரண்டாவது. 'நம்ம வீடுதான், வாங்க' என்றால் சாப்பிட்டுவிட்டுத்தான் போகலாம். 'இது எங்க வீடு' என்றால் செருப்பை எங்கே விடுவது என்று யோசிக்க வேண்டும். சென்னை சூப்பர் கிங்ஸ் என்கிற ஐ.பி.எல். அணியைப் பற்றி டீக்கடையிலும் ரயிலிலும் பேசுகிறவர்கள் 'நம்ம டீம்' என்றுதான் சொல்கிறார்கள். கம்பெனிப் பதிவேட்டில் இருப்பதோ 'எங்கள்'. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே நடந்துவருகிற கொடுக்கல் வாங்கலாக இந்த அணியின் வரலாற்றை வாசித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

கிரிக்கெட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கிற தோழர்கள் உண்டு. 'ஜனங்களை மயக்குற சரக்குங்க இது, இதுக்கு எதுக்கு ஆய்வு?' என்பார்கள். மறுபுறம் ரசிக நண்பர்கள், 'விளையாட்டுல அரசியலக் கலக்காதீங்க சார்' என்பார்கள். எதிரெதிராகத் தெரியும் இந்த இரண்டு பேச்சும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இரண்டிலும் ரசிகன் என்பவன் எதையும் உற்பத்தி செய்யாத, வெறுமனே வாங்கிக்கொள்கிற ஒரு காலிப் பாத்திரம். டிரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சியர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட 'பியாண்ட் எ பவுண்டரி' இந்த எண்ணத்தை அப்போதே உடைத்துவிட்டது. மேற்கிந்தியத் தீவுகளின் அணிக்கு ஒரு கறுப்பர் நிரந்தரத் தலைவராக வேண்டும் என்று அவர் பத்திரிகையில் இயக்கம் நடத்தினார். 1960இல் பிராங்க் வொரல் தலைவரானார். அங்கே 'நம்ம டீம்' என்பது காலனி ஆட்சியிடமிருந்து பிடுங்கப்பட்ட ஒரு சொல். இங்கே அது விலை கொடுத்து வாங்கப்பட்ட ஒன்றின் மேல் ஒட்டப்பட்ட சொல். வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

2

ஓர் அணி யாரைப் பிரதிநிதித்துவம் செய்கிறது? இந்தியாவில் இந்தக் கேள்விக்குக் காலந்தோறும் வேறு வேறு பதில்கள் இருந்திருக்கின்றன. பம்பாயில் ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம் என்று மதம் பார்த்து அணி பிரித்து ஆடினார்கள்; 1937இல் 'மற்றவர்கள்' என்று ஐந்தாவது அணியும் சேர்ந்தது. 1940இல் காந்தி இதற்கு எதிராகப் பேசினார். 1946இல் அந்தப் போட்டி முடிவுக்கு வந்தது. அந்த இந்து அணியின் மிகச் சிறந்த பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு ஒரு தலித். பந்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர்கள் தேநீரைத் தனிக் கோப்பையில் கொடுத்தார்கள். தலைமைப் பொறுப்பு அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் கிடைத்தது. 'நம்ம இந்து டீம்' என்பதற்குள்ளேயே ஓர் 'எங்க' இருந்தது.

சென்னையில் பொங்கலை ஒட்டி ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் ஆட்டம் நடக்கும். சேப்பாக்கம் மைதானம் வெள்ளையருக்கு மட்டுமான மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் இடமாக இருந்தது. சுதந்திரத்திற்குப் பிறகு இந்த இடத்துக்கு வந்தவை வங்கிகளும் கம்பெனிகளும். சென்னை லீக்கில் ஆடுகிறவனுக்கு ஒரு வங்கியிலோ ஆலையிலோ வேலை கிடைக்கும். அவன் அந்தக் கம்பெனியின் பெயரில் ஆடுவான். இப்படி ஆட்டக்காரர்களைப் பராமரித்த நிறுவனங்களில் ஒன்று இந்தியா சிமெண்ட்ஸ். 1946இல் தொடங்கி, 1949இல் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்தில் முதல் ஆலையைத் திறந்த நிறுவனம் அது. சென்னை கிரிக்கெட்டின் அரை நூற்றாண்டை இந்தக் கம்பெனி ஆதரவு இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் அப்போது யாரும் ஒரு சிமெண்ட் கம்பெனியை 'நம்ம டீம்' என்று சொல்லவில்லை.

அதைவிட வியப்பான ஒன்று உண்டு. 'தமிழ்நாடு' என்கிற பெயரிலேயே ரஞ்சிக் கோப்பை அணி இருக்கிறது. சென்னை மாகாண அணியாக 1954-55இலும், தமிழ்நாடு அணியாக 1987-88இலும் கோப்பையை வென்றிருக்கிறது. அதில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த மாநிலத்துப் பிள்ளைகள். அந்த ஆட்டத்தைப் பார்க்க ஆளில்லை. மைதானத்தில் காக்கைகள் உட்கார்ந்திருக்கும். மண்ணின் பிரதிநிதியாக இருக்கிற அணிக்குக் கிடைக்காத 'நம்ம', ஏலத்தில் எடுத்த அணிக்கு எப்படிக் கிடைத்தது? நிறைய நட்சத்திரங்கள், டி.வி., மூன்று மணி நேரத்தில் முடிவு என்று சொல்லிவிடலாம். அது பாதிப் பதில்தான்.

3

'ஃபிரான்சைஸ்' என்றால் உரிமம். ஒரு பெயரில், ஒரு எல்லைக்குள் வியாபாரம் செய்துகொள்ள மேலிடம் தருகிற அனுமதி. அணியைச் சங்கமோ ஊராரோ உருவாக்கி வளர்த்தெடுப்பதில்லை. இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஊர்ப் பெயர்களை ஏலம் போடுகிறது. 2008 ஜனவரி 24 அன்று எட்டு உரிமங்கள் மொத்தம் 72 கோடியே 35 லட்சம் டாலருக்கும் மேல் விலை போயின. மும்பைக்கு 11 கோடியே 19 லட்சம் டாலர். சென்னைக்கு 9 கோடியே 10 லட்சம். வாங்கியது இந்தியா சிமெண்ட்ஸ். அந்த ஏலத்தில் சென்னை மாநகரம் ஒரு கட்சி கிடையாது. பணம் கம்பெனியிடமிருந்து வாரியத்துக்குப் போனது. பெயரைக் கொடுத்த ஊருக்கு ரசீதுகூட இல்லை.

இந்தப் பெயருக்கு முன்கதை ஒன்று இருக்கிறது, பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள். 2007 இறுதியில் ஜீ குழுமம் நடத்திய இந்தியன் கிரிக்கெட் லீக்கில் 'சென்னை சூப்பர் ஸ்டார்ஸ்' என்று ஓர் அணி இருந்தது. முதல் கோப்பையை வென்றதே அதுதான். அந்த லீக்கில் ஆடியவர்களை வாரியம் விலக்கி வைத்தது. லீக் செத்தது, அதோடு அந்தச் சென்னையும் செத்தது. அதாவது சென்னை என்கிற பெயரில் ஆடுவதற்குச் சென்னைக்காரனாக இருப்பது போதாது, அனுமதி வேண்டும். அனுமதி போனால் ஊரும் போகும் என்பதற்கு ஐதராபாத் சாட்சி: 2009இல் கோப்பை வென்ற டெக்கான் சார்ஜர்ஸ் அணியின் உரிமம் முதலாளியின் கடன் சிக்கலுக்கு நடுவே 2012இல் ரத்தானது. 2011இல் ஒரே ஒரு பருவம் ஆடிய கொச்சி அணியின் கதையும் அப்படித்தான். ரசிகனுக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை.

2008 பிப்ரவரியில் ஆட்டக்காரர்களின் ஏலம். மும்பைக்குச் சச்சின், கொல்கத்தாவுக்குக் கங்குலி, பெங்களூருக்கு டிராவிட் என்று ஊர்ப் பாசத்தை முன்வைத்து 'ஐகான்' நட்சத்திரங்கள் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். சென்னைக்கு அப்படி யாரும் இல்லை. அதனால் கையில் காசு மிச்சம். ராஞ்சிக்காரரான மகேந்திர சிங் தோனியை அன்றைய உச்சவிலையான 15 லட்சம் டாலருக்கு எடுத்தார்கள். சொந்த ஊர்க்காரன் இல்லாத குறையே இந்த அணியின் முதல் மூலதனமாகிவிட்டது.

4

வாங்கிய அணியை 'நம்ம' ஆக்கியது யார்? கம்பெனியின் விளம்பரத்துறை என்று சொன்னால் அவர்களுக்கு அளவுக்கு மீறிய பெருமை. 'விசில் போடு' என்பதை அவர்கள் முழக்கமாக எடுத்துக்கொண்டார்கள், சரி. ஆனால் விசில் எங்கேயிருந்து வந்தது? சினிமாக் கொட்டகையின் தரை டிக்கெட்டிலிருந்து. கனவான்கள் கைதட்டுவார்கள்; விசிலடிப்பது அநாகரிகம் என்று சொல்லப்பட்டவர்களின் ஓசை அது. 'தல' என்பது மெட்ராஸ் பாஷை. முன்பு ஒரு நடிகருக்கு அவருடைய ரசிகர்கள் கொடுத்த பட்டம். அதை ராஞ்சிக்காரருக்கும் கொடுத்து, உத்தரப் பிரதேசத்து ரெய்னாவைச் 'சின்ன தல' ஆக்கி, ஆஸ்திரேலியர்களையும் தென்னாப்பிரிக்கர்களையும் ஊர்க்காரர்களாக்கியது மொழி. மொழியின் இந்த வேலையைச் செய்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ரஞ்சி அணி ஊரின் பிள்ளைகளைக் கொண்டிருந்தது. ஆனால் இப்படி ஒரு பேச்சுமொழி அதற்கு அமையவே இல்லை. பாதிப் பதிலின் மறுபாதி இதுதான்.

வெற்றியும் துணைக்கு வந்தது. 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பைகள். 2008 இறுதியாட்டத்தில் கடைசிப் பந்தில் தோல்வி, 2019இல் ஒரே ஒரு ரன்னில் தோல்வி. 2020இல்தான் முதன்முறையாக முதல் நான்கு இடங்களுக்குள் வராமல் போனது. 2025இல் முதன்முறையாகக் கடைசி இடம். ஆட்டக்காரர்களை அடிக்கடி மாற்றாமல் வைத்திருந்ததால் பார்வையாளனுக்கு ஒரு குடும்பக் கதையைத் தொடர்ந்து பார்ப்பதுபோல இருந்தது. தோற்றாலும் 'நம்ம பசங்க' தோற்றார்கள்.

ஆனால் இந்த 'நம்ம ஊர்' என்பதையும் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க வேண்டும். நம் கிராமங்களில் 'ஊர்' என்ற சொல்லுக்கு வெளியே எப்போதும் ஒரு சேரி இருக்கிறது. 'ஊர்' என்று சொன்ன உடனேயே ஒரு வேலி வந்துவிடுகிறது. சேப்பாக்கத்திலும் ஒரு வேலிக் கதை உண்டு. 2011இல் புதுப்பித்த மைதானத்தில் ஐ, ஜே, கே என்ற மூன்று மாடங்கள், சுமார் 12,000 இருக்கைகள், 2012 முதல் பல வருடம் பூட்டிக் கிடந்தன. பழைய வெள்ளையர் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் அந்த மாடங்களுக்கும் இடையே விதிப்படி இருக்க வேண்டிய இடைவெளி இல்லை என்பது சிக்கல். 12,000 பேர் உட்கார வேண்டிய இடமும் ஒரு கிளப்பின் ஜிம்மும் நேருக்கு நேர் நின்றபோது காலியாகக் கிடந்தவை 12,000 இருக்கைகள். 2023இல்தான் சிக்கல் தீர்ந்து ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து டென்னிஸ் பந்தில் ஆடி மேலே வந்த டி. நடராஜனை 2017இல் 3 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது பஞ்சாப் அணி. அவர் பெயர் பெற்றது ஐதராபாத் அணியில். அஸ்வின், பத்ரிநாத், முரளி விஜய், பாலாஜி என்று தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் சென்னை அணியில் இருந்ததை மறுக்கவில்லை. ஆனால் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையின் நான்கு ஓவர்களைப் பார்க்க இன்னொரு ஊரின் சட்டையைப் பார்க்க வேண்டியிருந்தது. பெண்களுக்கோ அதுகூட இல்லை. 2023இல் பெண்கள் லீக் ஐந்து அணிகளோடு தொடங்கியபோது அதில் சென்னை என்று ஓர் அணியே இல்லை.

5

'நம்ம'வும் 'எங்க'வும் மோதிக்கொண்ட தருணங்கள் மூன்று.

முதலாவது 2013 மார்ச். ஈழத்தில் கொல்லப்பட்ட சிறுவன் பாலச்சந்திரனின் படங்கள் வெளிவந்து, மாணவர்கள் தெருவுக்கு வந்த மாதம். இலங்கை வீரர்களோ நடுவர்களோ பங்கேற்கும் ஆட்டங்களைத் தமிழ்நாட்டில் அனுமதிக்க முடியாது என்று முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஐ.பி.எல். நிர்வாகம் உடனே ஒத்துக்கொண்டது: சென்னையில் நடக்கும் ஆட்டங்களில் மட்டும் இலங்கை வீரர்கள் இறங்க மாட்டார்கள். சென்னை அணியிலேயே குலசேகரவும் அகில தனஞ்சயவும் இருந்தார்கள். சொந்த மைதானத்தில் அவர்களுக்கு இடமில்லை. அதே தடை முத்தையா முரளிதரனுக்கும் பொருந்தியது. தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் பேரன். 2008 முதல் 2010 வரை மஞ்சள் சட்டையில் 'நம்ம முரளி'. 2013இல் பெங்களூர் அணியின் ஆட்டக்காரர், 'இலங்கைக்காரர்'. அவருடைய அரசியல் பேச்சுகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. நான் சுட்டுவது வேறு. தமிழின் பெயரால் எழுந்த கோபத்தை மூலதனம் எப்படிச் சமாளித்தது பாருங்கள்: யாரையும் எதிர்க்காமல், எதற்கும் பதில் சொல்லாமல், பட்டியலில் சில பெயர்களைக் கழித்துவிட்டு ஆட்டத்தை நடத்திக்கொண்டது. எதிர்ப்பு அதற்கு ஒரு கழித்தல் கணக்கு.

இரண்டாவது அதே ஆண்டு மே மாதம். சூதாட்ட வழக்கில் குருநாத் மெய்யப்பன் மும்பைக் காவல்துறையால் கைதானார். அவர் என். சீனிவாசனின் மருமகன். சீனிவாசன் இந்தியா சிமெண்ட்ஸின் நிர்வாக இயக்குநர். அப்போது வாரியத்தின் தலைவரும் அவரே. ஏலம் நடந்த 2008 ஜனவரியில் அவர் வாரியத்தின் பொருளாளர். நிர்வாகிகளுக்கு வாரியத்தின் ஆட்டங்களில் வணிக நலன் இருக்கக் கூடாது என்ற விதியிலிருந்து ஐ.பி.எல்.லுக்கு மட்டும் விலக்கு தந்து 2008 செப்டம்பரில் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரி 22 அன்று செல்லாது என்றது. அதே ஆண்டு ஜூலையில் லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டு வருடம் விலக்கி வைத்தது. மெய்யப்பனுக்கு ஆயுள் தடை.

இதில் நமக்கு முக்கியமானது ஒரு சொல். கைதுக்குப் பிறகு, மெய்யப்பன் அணியின் உரிமையாளர் அல்ல, ஒரு கிரிக்கெட் ஆர்வலர் மட்டுமே என்று வாதம் வைக்கப்பட்டது. முத்கல் குழு அதை ஏற்கவில்லை. அவர் அணியின் அதிகாரிதான் என்றது. லாபம் வரும்போது 'எங்க டீம்'. போலீஸ் வரும்போது நாமெல்லாம் ஒண்ணு, அவரும் ஒரு ரசிகர். ரசிகன் என்கிற தன்னிலை முதலாளிக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகவும் பயன்படும் என்பது அன்று அப்பட்டமாகத் தெரிந்தது.

மூன்றாவது 2018. இரண்டு வருடத் தடை முடிந்து அணி திரும்பியது. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுத் தமிழகம் போராடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் முதல் ஆட்டம். அண்ணா சாலையில் மறியல், மைதானத்துக்குள் செருப்பு வீச்சு. மீதி ஆறு ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. சுமார் ஆயிரம் ரசிகர்கள் தனி ரயிலில் புனேவுக்குப் போனார்கள். மறியல் செய்தவன், ரயில் ஏறியவன் இருவரும் பெரும்பாலும் ஒரே வயது, பல இடங்களில் ஒரே தெரு. 'தண்ணி இல்லாதப்ப உனக்கு ஆட்டம் கேக்குதா?' என்றான் ஒருவன். 'வருசம் பூரா நடக்குற எதையும் நிறுத்தல, என் ரெண்டு மாசத்தத்தான் நிறுத்துனியா?' என்றான் மற்றவன். இந்த இரண்டாவது குரலைத் துரோகம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். சினிமாவும் மதுக்கடையும் மூடாத ஊரில், தொலைக்காட்சிக்கு முன்னால் நன்றாகத் தெரியும் என்பதால் ஓர் ஆட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது உண்மை. கேமரா இருக்கிற இடத்துக்குப் போராட்டம் போவதில் தவறில்லை என்பதும் உண்மை.

அதே வருடம் மே 22. ஸ்டெர்லைட்டுக்கு எதிராக நூறாவது நாளாகப் போராடியவர்கள் மேல் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு. பதின்மூன்று பேர் செத்துப்போனார்கள். அன்று இரவு மும்பையில் சென்னை அணி ஐதராபாத்தை இரண்டு விக்கெட்டில் வென்று இறுதியாட்டத்துக்குப் போனது. ஒரே செல்போனில் இரண்டும் ஓடின. ஆட்டத்தைப் பார்த்தவனுக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று என்னால் எழுத முடியாது. பார்த்தவர்களில் பலர் மறுநாள் தெருவிலும் நின்றார்கள். ஆனால் 'தமிழ்நாட்டு மக்களின் அன்பு' என்பதை வியாபாரத்தின் அடித்தளமாகக் கொண்ட ஓர் உரிமத்துக்கு, அந்த மக்கள் சுடப்பட்ட நாளில் ஆட வேண்டிய கடமை இருந்தது. துக்கப்பட வேண்டிய கடமை எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

6

கொஞ்சம் விலகி நின்று பார்த்தால் ஒன்று தெரிகிறது. இந்த உரிமத்துக்கு ஊர் அவசியமில்லை. 2009இல் எல்லா ஆட்டங்களும் தென்னாப்பிரிக்காவில், 2014இல் மாடங்களின் அனுமதிச் சிக்கலால் சென்னையின் 'சொந்த' ஆட்டங்கள் ராஞ்சியில், 2018இல் புனே, 2020இல் அமீரகம். பெயர் போதும். இப்போது பெயரிலும் பாதி போதும் என்றாகிவிட்டது: தென்னாப்பிரிக்க லீக்கில் 'ஜோபர்க் சூப்பர் கிங்ஸ்', அமெரிக்க லீக்கில் 'டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ்'. அதே மஞ்சள். சென்னையில் விசிலடித்துச் சேர்த்த மதிப்பை எடுத்துக்கொண்டு 'சென்னை'யை மட்டும் கழற்றி வைக்க முடிகிறது.

சிமெண்டும் கழன்றுவிட்டது. 2015இல் அணி தனி நிறுவனமாக மாற்றப்பட்டது. பிறகு அதன் பங்குகள் தாய்க் கம்பெனியின் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரப்பட்டன. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸின் கட்டுப்பாடு அல்ட்ராடெக் நிறுவனத்தின் கைக்குப் போனது. அணி சீனிவாசன் தரப்பிலேயே தங்கியது. சுண்ணாம்புக்கல்லை வெட்டி, சூளையில் சுட்டு, மூட்டை கட்டுகிற ஆலை கைமாறியது. நம்முடைய பாசத்தை வெட்டி எடுக்கிற ஆலை கைமாறவில்லை. எது லாபமான சுரங்கம் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதற்கு எதிர்ச்சாட்சியும் இருக்கிறது. 2016, 2017இல் அணி இல்லை. தோனி புனேவுக்கு ஆடினார், ரெய்னா குஜராத்துக்கு ஆடினார். உரிமம் செயலற்றுக் கிடந்த அந்த இரண்டு வருடமும் 'நம்ம டீம்' என்கிற பேச்சு நிற்கவில்லை. கம்பெனி இல்லாமலும் இருந்தது. ஆட்டம் இல்லாமலும் இருந்தது. அப்படியானால் அது யாருடைய உற்பத்தி என்பதில் சந்தேகம் வேண்டியதில்லை.

7

அப்படியானால் என்ன செய்வது? பார்க்காதே என்று சொல்வது வீண். சொல்கிற தோழரும் ஸ்கோர் கேட்கிறார். கேள்வியை உடைமையின் பக்கம் திருப்ப வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஜெர்மனியின் கால்பந்து லீக்கில் ஒரு விதி 1998 முதல் இருக்கிறது: கம்பெனியாக மாறிய அணியிலும் பாதிக்கு மேல் ஓர் ஓட்டு, கிளப் உறுப்பினர்களின் கையில்தான் இருக்க வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும் விதி நிற்கிறது. டிக்கெட் விலையை ஏற்றினால் உறுப்பினர்கள் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். எல்.ஐ.சி.க்கு இந்தியா சிமெண்ட்ஸில் பங்கு இருந்த வழியில், சென்னை அணியிலும் சுமார் 6 சதவீதப் பங்கு வந்து சேர்ந்தது. பாலிசி கட்டுகிற கூலிக்காரருக்கும் அந்த வகையில் ஒரு துளி உடைமை உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் துளிக்கு வாய் கிடையாது.

'ஃபிரான்சைஸ்' என்ற அதே ஆங்கிலச் சொல்லுக்கு வாக்குரிமை என்றும் ஒரு பொருள் இருக்கிறது. நமக்கு வந்து சேர்ந்தது வியாபாரப் பொருள் மட்டும்தான். பெண்கள் அணி ஏன் இல்லை, சின்னப்பம்பட்டிப் பையனை ஏன் எடுக்கவில்லை, மலிவு டிக்கெட் எத்தனை, சுடப்பட்ட நாளில் கையில் ஒரு கறுப்புப் பட்டையாவது கட்டுவீர்களா — இவற்றைக் கேட்க ஓர் இடம் வேண்டும். 'நம்ம டீம்' என்று சொல்கிற ஆயிரக்கணக்கான பேருக்குத் தாங்கள் ஓர் உரிமைக் கோரிக்கையைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாது. விசிலடிக்கிறவனிடம் போய் 'ஏம்ப்பா மயங்கிக் கிடக்குற' என்று கேட்பதைவிட, 'நம்ம டீம்னு சொல்றியே, அதுல உன் ஓட்டு எங்க?' என்று கேட்கலாம். அவன் யோசிப்பான். அந்தக் கேள்வி கிரிக்கெட்டோடு நிற்காது.